ஐந்து லீற்றர் கடல்

ஜிம்முக்குப் போய் விசாரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
சேருவதற்கு ஒரு காசு, மாதத்துக்கு ஒரு காசு,
லொக்கருக்குத் தனி.
வருடத்துக்கு மொத்தமாய்க் கட்டினால்
இரண்டு மாதம் இலவசமாம்.
செட்டியார் தெருவில் பதினேழு வருடமாய்
மற்றவர்களின் காசை எண்ணுகிறவள் நான்.
இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஒருத்தரும் வருவதில்லை என்று
அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

அதோடு
வீட்டில் ஒரு வெறும் போத்தல் இருந்தது.
குடிதண்ணீர் வாங்கியது, ஐந்து லீற்றர்,
கைபிடியோடு.

விடிய ஐந்து மணி, மெரைன் டிரைவ்.
கேதாரனின் பழைய சப்பாத்து, நுனியில் பஞ்சு அடைத்தது.
ரயில் பாதையைக் கடந்து கற்களில் இறங்கி
போத்தலைக் கடலுக்குள் அமுக்கினேன்.
க்ளுக் க்ளுக் என்று குடித்தது.
முதல் கிழமை பாதிதான்.
அந்தப் பாதியையும் தூக்க ஏலாமல்
தெருவோரம் வைத்துவிட்டு
யாரோ மறந்துபோன சாமான் என்பதுபோல்
தள்ளிப்போய் நின்றேன்.

ஓடினேன் என்று சொல்லமாட்டேன்.
நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை,
பஸ் புறப்படுகையில் எல்லோரும் செய்வோமே, அது.
த்ரீவீலர்காரன் ஒருவன் வேகம் குறைத்து
'எங்கே போகணும் நோனா?' என்றான்.
எங்கேயும் இல்லை என்று சொல்ல
எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலாம் மாடியில் அந்த ஜிம்.
கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாய் ஓடுகிறார்கள்.
கடல் தெரியும் என்று சொல்லித்தான் காசைக் கூட்டியிருந்தார்கள்.
வெளியே இன்னும் இருட்டு, உள்ளே அத்தனை வெளிச்சம்,
அவர்களுக்குத் தெரிவது அவர்களேதான்.

கடல்தண்ணீர் குழாய்த்தண்ணீரைவிடக் கனம்.
ஒருநாள் கடைத்தராசில் வைத்தே பார்த்தேன்,
நூற்றிருபது கிராம் கூட.
அது முழுக்க உப்பு. அதற்கும் காசில்லை.

கட்டி முடியாத அடுக்குமாடி வாசலில்
பிளாஸ்டிக் கதிரையில் காவலாளி விமலதாச.
அவர் முன்னால்தான் கொஞ்சம் சமதரை.
போத்தலை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழும்புவேன்.
மூன்றாம் நாள், கேட்காமலே எண்ணத் தொடங்கினார்,
எகய், தெகய், துனய்...
எட்டில் என் முழங்கால் கைவிட்டது.
அவரோ நிறுத்தாமல் ஒன்பதையும் பத்தையும்
எனக்காகச் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார்.

இராத்திரி நித்திரை வரவில்லை.
செய்யாத இரண்டு.
அடுத்த நாள் அந்த இரண்டையும் முதலில் தீர்த்துவிட்டுத்தான்
புதுக்கணக்கு தொடங்கினேன்.

கிளினிக்கில் சீனி நூற்றி நாற்பத்திரண்டில் இருந்தது,
இப்போது நூற்றி முப்பத்தொன்று.
'பெரிய மாற்றம் இல்லை' என்றார் டொக்டர், துண்டைப் பார்த்தபடி.
என் கையைப் பார்க்கவில்லை அவர்.
போத்தல் இப்போது கழுத்துவரை நிறைகிறது.
வீடு திரும்புமுன் கொண்டுபோய்க் கடலிலேயே ஊற்றிவிடுகிறேன்.
வேறென்ன செய்ய அதை வைத்து.

ஆனி மாதக் கடல், காற்று, தூறல்.
வேறு ஒருத்தரும் வரவில்லை.
விமலதாச தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்,
பூட்ஸ் காலை அகட்டினார்,
போத்தலைக் கேட்டுக் கை நீட்டினார்.
என்ன பாரம் என்று முகம் ஒருமுறை மாறியது.
நான் தமிழில் எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூட்டு முறியும் சத்தம்.
ஐந்து. ஆறு.
ஆறில் குந்தியவர் எழும்பியதும் நின்று
என்னைப் பார்த்தார்.

ஏழு என்று சும்மா சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.

கோட்டைக்குப் போகும் ரயில் வந்து
கடலை மறைத்தது. பெட்டி பெட்டியாய்,
மிதிபலகையில் தொங்குகிறவர்கள், நனைந்த சேர்ட்டுகள்.
நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
கடைசிப் பெட்டியும் போய்த் திரும்பினால்
விமலதாச மறுபடி குந்தியிருந்தார்,
போத்தலைக் கட்டிப்பிடித்தபடி,
பாதியில்.